தலைதட்டி அளந்த வெல்லம்

ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ராஜாக்கண்ணு மெஸ்ஸுக்கு யாரும் ராஜாக்கண்ணுவின் முகத்தைப் பார்த்து வருவதில்லை. அந்த முகத்தை வைத்துக்கொண்டு கோடையில் மோர்கூட விற்க முடியாது. வருவதெல்லாம் சாமைப் பாயசத்துக்குத்தான். சனி ஞாயிறில் அருவி பார்க்க மலையேறி வருகிற வேலூர்க்காரர்கள், காவலூரில் தொலைநோக்கி நிலையத்தில் வேலை செய்கிறவர்கள், தாலுகா ஆபீஸ் ஆட்கள் எல்லோரும் சோற்றை அரைகுறையாகத் தின்றுவிட்டுப் பாயசத்துக்காக உட்கார்ந்திருப்பார்கள். வாசல் பலகையில் மெஸ் பேருக்குக் கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில் ‘வெள்ளையம்மாள் சாமைப் பாயசம்’ என்று எழுதியிருந்தது. அப்படி எழுதச் சொன்னது யார் என்று கேட்க வேண்டாம். ராஜாக்கண்ணுவின் பெண்டாட்டி வெள்ளையம்மாளேதான்.

சாம்பார் யார் வைத்தாலும் அவளுக்குக் கவலையில்லை. பொரியலை யார் கிண்டினாலும் கவலையில்லை. பாயசச் சட்டியை மட்டும் அவள் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. அது அவளுடைய சிம்மாசனம். அதில் உட்கார்ந்துகொண்டுதான் அவள் மெஸ்ஸையும் புருஷனையும் கொழுந்தனையும் ஆண்டுகொண்டிருந்தாள்.

போன தையில் கொழுந்தன் வெற்றிவேலுக்குக் கல்யாணம் ஆனது. பெண் புதூர்நாடு, பேர் கீதாஞ்சலி. மலைக்காரிதான், ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் திருப்பத்தூரில் ஒரு பேக்கரியில் வேலை பார்த்தவள். சீர்வரிசைப் பாத்திரங்களோடு ஒரு தராசையும் கொண்டுவந்தாள். தட்டு மாதிரி சப்பையாக இருக்கும், பொத்தானை அழுத்தினால் சிவப்பாக எண் எரியும். ஊரில் பெண்கள் பீரோ கொண்டுவருவார்கள், கிரைண்டர் கொண்டுவருவார்கள், இவள் கறிக்கடைக்காரன் மாதிரி தராசைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று வெள்ளையம்மாள் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்தாள்.

சிரிப்பு ரொம்ப நாள் நீடிக்கவில்லை. கீதா சாம்பாருக்குப் பருப்பை எடை போட்டாள், புளியை எடை போட்டாள், உப்பைக்கூட விடவில்லை. ஒரு வாரத்தில் சாம்பார் தினமும் ஒரே ருசியாக வர ஆரம்பித்தது. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், அத்தனை பேர் இலையில் உட்கார்ந்திருக்கும்போது, ராஜாக்கண்ணு வாயைத் திறந்து, “நம்ம கீதா வந்தப்புறம்தான் மெஸ்ஸு சாம்பாரு மெஸ்ஸு சாம்பார் மாதிரி கீது” என்று சொல்லிவிட்டார்.

வெள்ளையம்மாளுக்கு அடிவயிற்றில் நெருப்பு வைத்த மாதிரி ஆகிவிட்டது. கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் பாயசத்தை அந்த மனுஷன் ஒரு தடவைகூட நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. டம்ளரைக் காலி செய்து ஏப்பம் விடுவார், அவ்வளவுதான். அந்த ஏப்பத்தையே பாராட்டாக எடுத்துக்கொண்டு அவள் இத்தனை காலம் ஓட்டியிருக்கிறாள். நேற்று வந்தவளுக்கு வாய்விட்டுப் பாராட்டு! அன்றிலிருந்து கீதா சிரித்தாலும் எரிந்தது, சிரிக்காவிட்டாலும் எரிந்தது. அவள் கட்டுகிற புடவையைப் பார்த்தாலும் எரிந்தது. அவள் சட்டி கழுவினால் சத்தம் வராமல் கழுவுகிறாளே என்று அதுவும் எரிந்தது.

ஒரு தடவை கீதா வெள்ளந்தியாகத் தன் பேக்கரிக் கதையைச் சொன்னாள். மாவைச் சலித்துவிட்டுக் கிண்ணத்தில் அள்ளினால் ஒரு அளவு வரும், மூட்டையிலிருந்து அப்படியே அள்ளினால் இன்னொரு அளவு வரும், கிண்ணம் ஒன்றுதான், ஆனால் கேக் இரண்டு விதமாக வரும், அதனால்தான் மாஸ்டர் எதையும் எடை போடாமல் போட விடமாட்டார் என்றாள். படியில் அளப்பதும் அப்படித்தான், அள்ளுகிற கைக்குத் தகுந்த மாதிரி மாறும் என்று கடைசியில் ஒரு வார்த்தை சேர்த்துவிட்டாள்.

“அப்ப எங்க படி பொய் சொல்லுதுன்றியா?” என்றாள் வெள்ளையம்மாள்.

கீதா பதறிப்போய் அப்படிச் சொல்லவில்லை என்றாள். ஆனால் சொன்னது சொன்னதுதான். அதை வெள்ளையம்மாள் மனதில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள்.

படியைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த மலைக் குடும்பங்களில் படியால் இரண்டு விதமாக அளப்பார்கள். சொந்தத்துக்கு அளந்தால் அமுக்கி நிரப்பி, மேலே கோபுரமாகக் குமித்து, விளிம்பில் வழிய வழியப் போடுவார்கள். கீழேயிருந்து வருகிற வியாபாரிக்கு அளந்தால் பொலபொலவென்று அள்ளி, உள்ளங்கையால் தலையைத் தட்டி, ஒரு மணிகூட மேலே நிற்காமல் வழித்துவிடுவார்கள். இரண்டும் ஒரு படிதான். இதை யாரும் யாருக்கும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை, பிறந்ததிலிருந்து பார்த்துப் பார்த்து வருவது. சொந்தக்காரருக்குத் தலைதட்டி அளந்தால், நீ எனக்கு அசலாள், வெளியாள் என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி. அதனால் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்களும் உண்டு.

சித்திரையில் வெள்ளையம்மாளின் மகள் அருணாவுக்கு இரண்டாவது பிரசவம். அருணா புருஷனோடு திருப்பத்தூரில் இருந்தாள். நிறைமாசத்தில் மலைப்பாதையில் வளைந்து வளைந்து மேலே வரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், வெள்ளையம்மாள்தான் கீழே போக வேண்டியிருந்தது. போனால் திரும்பி வர மாசம் ஒன்றுக்கு மேல் ஆகும். லீவு நாள் கூட்டமோ அப்போதுதான் மலையில் மொய்க்கும். பாயசம் இல்லாமல் மெஸ்ஸைத் திறப்பதும் ஒன்று, மூடுவதும் ஒன்று.

“கீதாகிட்ட அளவு சொல்லிட்டுப் போ” என்றார் ராஜாக்கண்ணு, ஏதோ சாவியைக் கொடுத்துவிட்டுப் போ என்கிற மாதிரி.

வெள்ளையம்மாளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சாம்பார் போயிற்று, பாராட்டும் போயிற்று, இப்போது பாயசச் சட்டியும் போகப் போகிறது. மாட்டேன் என்று சொல்ல முடியாது, மெஸ் குடும்பத்து மெஸ். சரி, அளவுதானே, கொடுத்துவிட்டால் போகிறது என்று ஒரு முடிவுக்கு வந்தாள். எப்படிக் கொடுப்பது என்பது கொடுக்கிறவள் கையில் இருக்கிறது.

மறுநாள் காலையில் கீதா தராசைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். வெள்ளையம்மாள் படி படியாக எடுத்துப் போடப் போட, எடை போட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. சாமையை ஒரு படி அளந்தாள், அதில் கள்ளமில்லை. தேங்காய்ப்பால், நெய், முந்திரி, ஏலக்காய் எதிலும் கள்ளமில்லை. அடுத்து வெல்லம். ஒரு படி சாமைக்கு ஒன்றரைப் படி வெல்லம் என்று அவள் ஊருக்கே சொல்லியிருக்கிறாள், அதை மாற்ற முடியாது. அவள் எப்போதும் தட்டிய வெல்லத்தைப் படியில் போட்டுக் கைமுட்டியால் அழுத்தி, இன்னும் போட்டு இன்னும் அழுத்தி, மேலே கைகொள்ளாமல் குமித்துத்தான் சட்டியில் கவிழ்ப்பாள். அன்றைக்கு அப்படியே பொலபொலவென்று அள்ளினாள். படியின் வாய்மேல் உள்ளங்கையை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். படியின் தலை மொட்டையாக நின்றது.

அவள் பொய் சொல்லவில்லை. ஒன்றரைப் படி ஒன்றரைப் படிதான். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அணைப்பாள்.

கீதா படியைப் பார்த்தாள். பிறகு எண்ணைப் பார்த்தாள். “இவ்ளோதானாக்கா?” என்றாள்.

“ஒன்னரைப் படி. உன் தராசு இன்னா சொல்லுதோ எனக்குத் தெரியாது” என்றாள் வெள்ளையம்மாள்.

ஜீப்பில் மலையிறங்கும்போது அவளுக்கு மனசு லேசாக இருந்தது. வெல்லம் மூன்றில் ஒரு பங்காவது குறையும். சப்பென்று இருக்கும். முதல் சனிக்கிழமையே டம்ளர்கள் மீதியோடு திரும்பி வரும். வெள்ளையம்மாள் கை இல்லையென்றால் பாயசம் இல்லை என்று ஊரே சொல்லும். அந்தத் தராசை கீதாவே கொண்டுபோய்ப் பரணில் போடுவாள்.

அருணாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வெள்ளையம்மாள் குழந்தையை மடியில் போட்டு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டே போனைக் காதில் இடுக்கிக்கொண்டு மெஸ் நிலவரம் கேட்டாள். புளி காய்ந்ததா என்று கேட்டாள், கேஸ் வந்ததா என்று கேட்டாள், கடைசியில் போகிற போக்கில் கேட்கிற மாதிரி பாயசம் எப்படி என்று கேட்டாள். தீர்ந்துபோச்சு என்றார் ராஜாக்கண்ணு. தீர்ந்துபோச்சு என்றால் விற்றுத் தீர்ந்ததா, கொட்டித் தீர்ந்ததா? அந்த மனுஷனிடம் அதற்கு மேல் ஒரு வார்த்தை கறக்க முடியாது. புருஷன் வாய்தான் இப்படியென்று பார்த்தால், பக்கத்து மளிகைக்கடைக்காரி மங்கம்மாளுக்கு போன் போட்டும் உருப்படியான குறை ஒன்றும் கிடைக்கவில்லை. பேத்தி கொட்டாவி விடுகிற அழகைப் பார்க்காமல் இவள் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு இன்னா கவலை என்று அருணா கேட்டதற்கு, வெயில் தாங்கவில்லை என்றாள்.

ஒரு நாள் வெற்றிவேல் குழந்தையைப் பார்க்க வந்தான். கையில் தூக்குவாளி நிறையப் பாயசம்.

வெள்ளையம்மாள் ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். சப்பென்று இல்லை. வெல்லம் ஓரமாக ஒதுங்கி நிற்க, சாமையின் வாசனை முன்னால் வந்திருந்தது, தேங்காய்ப்பால் தனியாகத் தெரிந்தது. ஒரு டம்ளர் குடித்தால் இன்னொன்று கேட்கிற மாதிரி இருந்தது. தன்னுடையதைவிட நன்றாக இருந்தது. இதை அவள் நாக்கு சொல்லிவிட்டது. நாக்கை என்ன செய்ய முடியும்?

“இப்பல்லாம் ஆளுக்கு ரெண்டு டம்ளரு கேக்கறாங்க அண்ணி. சக்கரை வியாதிக்காரங்ககூட குடிக்கறாங்க. வெள்ளையம்மா கையே கையின்னு எல்லாரும் உங்களத்தான் சொல்றாங்க” என்றான் வெற்றிவேல்.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? வெள்ளையம்மாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தைக்கு விசிறினாள். தான் கெடுக்கக் கொடுத்த அளவு கெடாமல் போனது ஒரு எரிச்சல். அதற்குத் தன் பேரிலேயே புகழ் வருவது அதைவிடப் பெரிய எரிச்சல். அந்தப் புகழைச் சமைத்தது கீதாவின் கை என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய எரிச்சல். தன் பேரைப் பார்த்துத் தானே பொறாமைப்பட்ட பெண்பிள்ளை அந்த மலையிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

ஆனியில் மலைக்குத் திரும்பியதும் முதல் வேலையாகப் பாயசச் சட்டியைக் கைப்பற்றினாள். பழையபடி அழுத்தினாள், குமித்தாள், கவிழ்த்தாள். ஆனால் அதற்குள் சாப்பிட வருகிறவர்களின் நாக்கு கீதாவின் அளவுக்குப் பழகிப்போயிருந்தது. காவலூரிலிருந்து வாரம் தவறாமல் வருகிற டிரைவர் கோபால்சாமி இரண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார். இன்றைக்கு வெள்ளையம்மாள் செய்யவில்லையா என்று அவளிடமே கேட்டார். தித்திப்பு தூக்கலாக இருக்கிறது, திகட்டுகிறது, உங்கள் கை இப்படி இருக்காதே என்றார். அன்றைக்குப் பாதி டம்ளர்கள் மீதியோடு உள்ளே வந்தன. அவள் கண்ட கனவு அப்படியே பலித்தது, சட்டிதான் மாறிவிட்டது.

மறுவாரம் யாருக்கும் தெரியாமல் தலைதட்டி அளந்து பார்த்தாள். ஆனால் கை பழகிய பழக்கம் விடவில்லை. தட்டுவதற்கு முன்னாலேயே முட்டி தானாக இறங்கி ஒரு அமுக்கு அமுக்கிவிட்டது. திகட்டியது. அதற்கு அடுத்த நாள் மழை. வெல்லம் நசநசத்துக் கட்டி கட்டியாக இருந்தது. படியில் போட்டால் கட்டிகளுக்கு நடுவில் சந்து சந்தாக வெறும் காற்றுதான் நின்றது. அன்றைக்குப் பாயசம் கஞ்சி மாதிரி இருந்தது. ஒரு நாள் திகட்டல், ஒரு நாள் சப்பை. ஒரே படி, ஒரே ஒன்றரை. படி பொய் சொல்லுகிறதா என்று தான் கேட்டது அவளுக்கே ஞாபகம் வந்து தொலைத்தது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கலைந்த பிறகு ராஜாக்கண்ணு ஈரத் துண்டால் மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவளுக்குக் குத்தியது.

“உனக்கு வயசாவுது, கை நடுங்குது போல. கீதாவே வெக்கட்டும். உன் அளவுதான அது.”

வெள்ளையம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். பின்கட்டுக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். சட்டி போனால் பலகையில் பேர் மட்டும் இருக்கும். பேரை வைத்துக்கொண்டு அடுப்பில் நிற்க முடியாது. நாளைக்கு அவள் வெங்காயம் உரிக்கிறவளாக, இலை எடுக்கிறவளாக அந்த வீட்டில் நடமாட வேண்டும், கீதா கரண்டியோடு நிற்பாள். அழவும் அழுதாள், கொஞ்சம்தான், மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள்.

மறுநாள் மெஸ்ஸுக்கு லீவு. கீதா பின்கட்டில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளையம்மாள் போய் எதிரில் உட்கார்ந்தாள். மழையைப் பற்றிப் பேசினாள், பேத்தியைப் பற்றிப் பேசினாள், சாமையில் கல் இருக்கிறது என்று ஒரு கல்லைப் பொறுக்கிக் காட்டினாள். கடைசியில் வேறு வழியில்லாமல் கேட்டாள்.

“அந்த வெல்லம்… உன் தராசுல எவ்ளோ வந்துச்சு அன்னிக்கு?”

முறம் நின்றது. கீதா நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்க எனக்குத் தலைதட்டி அளந்தீங்கக்கா. நான் பாத்தேன்.”

வெள்ளையம்மாளுக்கு முகம் வெளிறிப்போய்விட்டது. புதூர்நாட்டிலும் படி உண்டு, அங்கேயும் குமிப்பார்கள், தட்டுவார்கள் என்பது அவளுக்கு ஏன் தோன்றவேயில்லை? பேக்கரிக்காரி என்றே நினைத்து நினைத்து, இவளும் மலையில் பிறந்தவள் என்பதை மறந்தே போயிருந்தாள். தராசை ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டு, தராசு பிடித்தவளின் முகத்துக்கு நேராக நீ அசலாள் என்று சொல்லியிருக்கிறாள். அவளும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

“தெரிஞ்சும் அப்டியேவா போட்ட?” என்றாள்.

“அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. கூடப் போட்டு நான் சரி பண்ணிருக்கலாம். ரோஷம். அக்கா எனக்குக் குடுத்தது இவ்ளோதான், இவ்ளோவே போடுவோம், கெட்டா கெடட்டும்னு போட்டேன். அது நல்லா வந்துடுச்சு. அதுக்கு நான் இன்னா பண்றது?”

“மாமாகிட்ட சொல்லலியா? உன் வூட்டுக்காரன்கிட்ட?”

“சொன்னா நான் அசலாள்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும். சொல்லலன்னா உங்களுக்கும் எனக்கும் மட்டுந்தான தெரியும்.”

அவ்வளவு சொல்லிவிட்டு அவள் மறுபடியும் புடைக்க ஆரம்பித்தாள். வெள்ளையம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மன்னிச்சுடு என்கிற வார்த்தை அவள் வாயில் இதுவரை ஏறியதில்லை, அன்றும் ஏறவில்லை. கீதாவின் முறத்தைக் கையிலிருந்து வாங்கி மீதிச் சாமையைத் தானே புடைத்துக் கொடுத்தாள். அவளால் முடிந்தது அதுதான்.

சனிக்கிழமை அவள் அடுப்படிக்குள் வந்தபோது, சட்டிக்குப் பக்கத்தில் ஒரு தாம்பாளத்தில் வெல்லம் தட்டித் தயாராக இருந்தது. தராசைக் காணோம். கீதா முன்பக்கம் இலை போட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளையம்மாள் தாம்பாளத்தை அப்படியே சட்டியில் கவிழ்த்தாள். கை அமுக்கவும் இல்லை, குமிக்கவும் இல்லை, அதற்கு வேலையே இருக்கவில்லை.

மத்தியானம் கோபால்சாமி டம்ளரைக் காலி செய்துவிட்டு, இதுதான் வெள்ளையம்மா கை, திரும்பி வந்துவிட்டது என்று சத்தமாகச் சொன்னார். பக்கத்து இலைக்காரர்கள் தலையாட்டினார்கள். ராஜாக்கண்ணு ஒரு முழு டம்ளர் குடித்துவிட்டு, என்ன தோன்றியதோ, “நல்லா கீது” என்றார். இத்தனை வருஷம் காத்துக் கிடந்த வார்த்தை அது.

அந்த நேரத்தில் கீதா சாம்பார் வாளியோடு குறுக்கே போனாள். வெள்ளையம்மாள் வைத்த கண் வாங்காமல் அவள் முகத்தையே பார்த்தாள். ஒரு ஓரச் சிரிப்பு, ஒரு பார்வை, ஏதாவது வரும் என்று பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. யாரிடமோ இன்னும் கொஞ்சம் சாம்பார் வேண்டுமா என்று கேட்டுவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள்.

தான் அவள் இடத்தில் இருந்தால்? சாயங்காலத்துக்குள் வாரச்சந்தை முழுக்கச் சொல்லி முடித்திருப்பாள். சாம்பாரைக் கற்றுக்கொண்டுவிடலாம், தராசைக்கூடக் கற்றுக்கொண்டுவிடலாம். இந்த வாயடக்கத்தை எங்கே போய் வாங்குவது? இத்தனை நாள் பட்டதெல்லாம் ஒரு பொறாமையே இல்லை என்று வெள்ளையம்மாளுக்கு அப்போதுதான் தெரிந்தது. வயிறு எரிய எரிய இன்னொரு டம்ளர் ஊற்றிக் கோபால்சாமியிடம் நீட்டினாள்.